காத்திருந்தவர் கணக்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும், இசை கேட்பதும், பிள்ளைகளின் நாடகம் கண்டு மகிழ்வதும் வழக்கம். அந்த இன்பங்களுக்கு நடுவே இன்று நாம் பேச வந்திருக்கும் பொருளோ ஓய்வூதியம். அதிலும் சேமப்படை வீரரின் ஓய்வூதியம். விழா நாளில் பென்ஷன் கணக்கா என்று சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். ஏன் இதைத் தேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

தாராவியில் நாம் நன்கறிந்த பாட்டியார் ஒருவர் இருந்தார். விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்றுப் பிழைத்தவர். அவர் கணவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் படைக்குச் சென்று, ஏழாண்டு பணியாற்றிவிட்டுச் சேமப்படைக்கு மாற்றப்பட்டவர். பிறகு பம்பாய் வந்து தோல் பதனிடும் கொட்டடியில் வேலை பார்த்தார். சேமப்படையில் எட்டாண்டுகள் அவர் பெயர் இருந்தது. அவர் மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின், பாட்டியார் தகரப் பெட்டியோடு நம்மிடம் வந்து, "ஐயா, அவர் பதினைந்து வருஷம் சர்க்காருக்குக் கட்டுப்பட்ட ஆளாக இருந்தாரே, எனக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார்.

பெட்டியைத் திறந்தோம். பழைய சேலை ஒன்றில் சுற்றி விடுவிப்புப் புத்தகத்தை, அதாவது நாம் டிஸ்சார்ஜ் புக் என்று சொல்வதை, அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதன் ஒரு மூலையில் ஒரு வரி இருந்தது. ஓய்வூதியத்துக்குப் பதிலாக மொத்தத் தொகை பெற்றுக்கொண்டார் என்பது அதன் பொருள். அந்தத் தொகையைத்தான் அவர் ஓரறைக் கோலி ஒன்றுக்குப் பகடியாகக் கொடுத்திருந்தார். பாட்டியார் அந்தக் கூரையின் கீழேதான் வாழ்ந்தார்; ஆனால் மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அவருக்கு இல்லை. விண்ணப்பம் எழுதிப் பார்த்தோம். இல்லை என்றே விடை வந்தது. அந்த விடையை அவருக்குப் படித்துக் காட்டிய நாளில் உண்டான மனச்சுமையே இன்றைய உரைக்குக் காரணம். அவர் கணவர் கையொப்பமிட்ட நாளில் அந்த வரியின் பொருளை எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இருந்திருந்தால், அவர் வேறுவிதமாக முடிவு செய்திருக்கலாம் அன்றோ?

அன்பர்களே! சேமப்படை என்பது யாது? போர்க்காலத்தில் வேண்டிய அளவு வீரரை அமைதிக் காலத்திலும் முழுநேரமாக வைத்துக் காப்பது எந்த அரசுக்கும் பெருஞ்செலவு. ஆதலின் சில ஆண்டுகள் பயிற்சியும் பணியும் பெற்றவரை வீட்டுக்கு அனுப்பி, அழைத்தால் வரவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு பெயரேட்டில் வைத்திருப்பர். நம் நாட்டில் இதற்கான சட்டம் 1888-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. படையணியின் கொடிக்கீழ் நேரில் நின்று ஆற்றும் பணியைக் 'கலர் சர்வீஸ்' என்பர். அதன்பின் வீட்டிலிருந்தே காத்திருக்கும் காலத்தை 'ரிசர்வ் சர்வீஸ்' என்பர். நாம் முன்னதைக் கொடிப்பணி என்றும், பின்னதைச் சேமப்பணி என்றும் சொல்வோம்.

காத்திருப்பதும் ஒரு பணியா என்று கேட்கலாம். ஆம், பணியே. சேமப்படையில் உள்ளவன் தன் வாழ்க்கையை முழுவதும் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடியாது. அழைப்பு வந்தால் வேலையையும், பயிரையும், பிள்ளை குட்டிகளையும் விட்டுவிட்டுப் புறப்படவேண்டும். அந்த உரிமையை அரசு தன் கையில் வைத்திருக்கிறது. ஒருவர் காலத்தின்மீது உரிமை கொண்டவர் அதற்கு விலை கொடுப்பதுதானே நியாயம்? சேமப்படை ஓய்வூதியத்தின் அடிப்படை இதுவே.

இனி விதியைப் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் இராணுவ ஓய்வூதிய ஒழுங்குவிதிகளில் 155-ஆம் விதி சேமப்படை வீரரைப் பற்றியது. அதன் சாரம் எளியது. கொடிப்பணியும் சேமப்பணியும் சேர்ந்து பதினைந்தாண்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அவருக்கு வேறு பணி ஓய்வூதியம் இருத்தலாகாது. இவை நிறைவேறினால், திருத்தப்பட்ட அவ்விதியின்படி, சிப்பாய் ஒருவருக்குக் கிடைக்கும் மிகக் குறைந்த ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு உண்டு. அது மாதம் 375 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும் ஒரு காலத்தில் வரம்பு கட்டியிருந்தனர். பின்னர் ஏழாவது ஊதியக் குழுவையொட்டி, 2016 ஜனவரி 1 முதல் குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாய் என்றாயிற்று. அதன்மேல் அகவிலை நிவாரணமும் சேரும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். முழுநேரச் சிப்பாய் ஓய்வூதியம் பெறப் பதினைந்தாண்டு கொடிக்கீழ் நிற்கவேண்டும். சேமப்படை வீரர் ஏழாண்டு நின்று எட்டாண்டு காத்திருந்தாலும் பதினைந்து ஆகிவிடுகிறது. ஆனால் பெறுவதோ முழுமையன்று. மூன்றில் இரண்டு பங்கு. காத்திருந்த ஆண்டுகள் தகுதிக்குக் கணக்காகின்றன. அளவிலே கழிவு ஏற்படுகிறது. இது நேர்மையான ஏற்பாடு என்றே சொல்லலாம்.

ஆனால் அதே விதியில் மற்றொரு வாயிலும் இருந்தது. மாத ஓய்வூதியம் வேண்டாம், ஒரே தொகையாகப் பணிக்கொடை போதும் என்று சேமப்படை வீரர் தேர்ந்துகொள்ள இடமிருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து, தலைக்குமேல் கூரை தேடும் இளைஞனுக்குக் கைநிறையப் பணம் இனிப்பாகத் தோன்றுவது இயற்கை. மாதம் வரும் சில ரூபாய் அன்று அற்பமாகத் தெரிந்தது. அந்தச் சில ரூபாய் ஊதியக் குழுதோறும் வளரும் என்பதையும், தான் மறைந்தபின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமாகத் தொடரும் என்பதையும் யார் எடுத்துச் சொன்னார்? கைத்தொகை கரையும்; ஓய்வூதியம் ஊறும். பாட்டியாரின் தகரப் பெட்டி நமக்குக் கற்பித்த பாடம் இது.

தரைப்படையை விட்டுக் கடற்படைக்கு வருவோம். கடற்படை நகரமாகிய இந்தப் பம்பாயில், கடற்படையில் மாலுமியாகவும் தொழில்வினைஞராகவும் இருந்த தமிழர் பலர். முன்னாளில் மாலுமிகள் பத்தாண்டு கப்பற்பணியும், அதன்பின் பத்தாண்டு கடற்படைச் சேமத்திலும் இருந்தால், 1964-ஆம் ஆண்டின் கடற்படை ஓய்வூதிய ஒழுங்குவிதிகளின்படி சேமப்படை ஓய்வூதியம் பெற வழியிருந்தது. ஆனால் 1976 ஜூலை 3-ஆம் நாள் அரசு அந்தச் சேமப்படையையே நிறுத்திவிட்டது. பத்தாண்டு கப்பலில் உழைத்துவிட்டு, அடுத்த பத்தாண்டு காத்திருக்கவும் ஆயத்தமாக இருந்தவர்கள், காத்திருக்க இடமே இல்லாமல் வீட்டுக்கு வந்தனர். முழு ஓய்வூதியத்துக்குப் பதினைந்தாண்டு இல்லை. சேமப்படை ஓய்வூதியத்துக்குச் சேமப்படையே இல்லை. ஆற்றின் நடுவே பாலம் முறிந்தவர் நிலைதான் அவர்கள் நிலை.

வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேமப்படைக்கு மாற்றப்படுவது தானே வரும் உரிமையன்று. ஆதலின் சேமப்படை ஓய்வூதியம் கேட்கமுடியாது என்றது. ஆயினும், 1976 ஜூலை 3-க்கு முன் சேர்ந்து, அந்நாளிலோ அதன் பின்னரோ தம் முதற்பணிக்காலம் முடிந்து, தாமாக விடுவிப்புக் கேளாமல், சேமப்படை நிறுத்தப்பட்ட ஒரே காரணத்தால் அதில் இடம்பெறாமற் போனவர்கள் சிறப்பு ஓய்வூதியத்துக்கு உரியவர் என்று வழிகாட்டியது. நாற்பதாண்டு கழிந்து வந்த நியாயம் அது. அதற்குள் எத்தனை மாலுமிகள் மறைந்தனரோ!

1976 என்ற ஆண்டு நம்மவர்க்கு வேறொரு வகையிலும் மறக்கமுடியாதது. அவ்வாண்டு மே மாதத்தில்தான் டிராம்பே ஜனதா காலனி இடிக்கப்பட்டு, அங்கிருந்த மக்கள், அவருள் தமிழர் பலர், சீட்டா கேம்புக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நகரெங்கும் குடிசைக் கணக்கெடுப்பு நடந்து, போட்டோ பாஸ் என்னும் படச்சீட்டு வழங்கப்பட்டது. அந்தச் சீட்டை வைத்திருந்தவன் இங்கே வாழ்ந்தவன். இல்லாதவன் வாழவே இல்லை என்றாயிற்று! அதே சீட்டா கேம்பை ஒட்டி, செம்பூரிலிருந்து எட்டிவிடும் தொலைவில், மான்குர்த்தில்தான் கடற்படை மாலுமிகளின் பதிவேடுகளைக் காக்கும் மாலுமிகள் பணியகம் இருக்கிறது. போட்டோ பாஸின் அருமை அறிந்த மக்களுக்கு விடுவிப்புப் புத்தகத்தின் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்கே வாழ்ந்ததற்குச் சான்று; இங்கே பணியாற்றியதற்குச் சான்று. இரண்டும் காகிதமே, இரண்டிலும் ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

மூன்றாவது வகை, பிரதேசப் படை. டெரிட்டோரியல் ஆர்மி என்று நாம் அறிவது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இப்படையை 1949 அக்டோபர் 9-ஆம் நாள் தொடங்கிவைத்தவர் நம் தமிழகம் தந்த இராஜாஜி. அப்போது அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். இதில் சேர்பவர் தம் தொழிலை விடவேண்டுவதில்லை. பயிற்சிக்கும், நாட்டுக்கு வேண்டியபோது முழுநேரப் பணிக்கும் அழைக்கப்படுவர். அவர்க்கும் ஓய்வூதியம் உண்டு. ஆனால் கணக்கு வேறு. பெயர் ஏட்டில் இருந்த ஆண்டுகள் கணக்கில்லை. முழுநேரப் பணிக்கு முறைப்படி அழைக்கப்பட்டு உழைத்த நாட்களே கணக்கு. அவை விட்டுவிட்டு வந்தாலும் கூட்டிக்கொள்ளலாம். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலானோர்க்குப் பதினைந்தாண்டும், அதிகாரிகளுக்கு இருபதாண்டும் சேரவேண்டும். ஆண்டுக்கு ஆறு திங்கள் அவ்வாறு உழைப்பவர் முப்பதாண்டில்தான் பதினைந்தை எட்டுவார் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கிரிக்கெட் வீரர் தோனி 2011-இல் இப்படையில் கௌரவ லெப்டினன்ட் கர்னலாகப் பட்டம் பெற்றதை இளைஞர்கள் அறிவீர்கள். பட்டம் பெருமைக்கு, ஓய்வூதியம் நாட்கணக்குக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

பிரதேசப் படையினர் பணிக்காலத்தில் உறுப்பிழந்தால் என்ன ஆகும்? மரம் வளர்க்கும் பணிக்கென அமைந்த பிரதேசப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் காலிழந்தார். ஓய்வூதியம் கேட்கமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதைக் காட்டி, ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளி, அவருக்கு ஓய்வூதியம் வழங்கச் செய்தது. வலிமை மிக்க அரசின்முன் வேலைக்காக நிற்கும் எளியவன் இடும் கையொப்பம், அவன் உரிமையை அழித்துவிடாது என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

பிறநாட்டு நிலையையும் ஒருமுறை நோக்குவோம். நம் பிரதேசப் படைச் சட்டம் பிறந்த அதே 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவும் தன் சேமப்படையினர்க்கு ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. அங்கே எல்லாம் புள்ளிக் கணக்கு. பெயரேட்டில் இருப்பதற்கு ஆண்டுக்கு 15 புள்ளி. ஒவ்வொரு பயிற்சி அமர்வுக்கும் ஒரு புள்ளி. முழுநேரப் பணியில் நாளுக்கு ஒரு புள்ளி. ஆண்டில் 50 புள்ளி சேர்ந்தால் அது நிறைவாண்டு. அவ்வாறு இருபது நிறைவாண்டு கண்டவர்க்குப் பொதுவாக அறுபதாம் வயதில் ஓய்வூதியம் தொடங்கும். 360 புள்ளியை ஓராண்டாகக் கொண்டு, பழைய முறையில் ஆண்டுக்கு ஊதியத்தின் இரண்டரை விழுக்காடு வீதம் கணக்கிடுவர். ஒருவர் 2,520 புள்ளி சேர்த்திருந்தால் அது ஏழாண்டுக்குச் சமம். அவர் பெறுவது பதினேழரை விழுக்காடு. நம்முடையது போல் அங்கும் காத்திருப்புத் தகுதியைத் தருகிறது. உழைத்த நாளே அளவைத் தருகிறது. முறைகள் வேறாயினும் அறம் ஒன்றே.

அறம் என்றோம். ஓய்வூதியம் அரசு இரங்கிப் போடும் பிச்சையா? அன்று. 1982 டிசம்பர் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, புகழ்பெற்ற நகாரா வழக்கில், ஓய்வூதியம் முன்னாள் உழைப்புக்கு உரிய பயன், அது கருணைக்கொடையன்று என்று தெளிவுபடுத்தியது. அந்நாளை நாடெங்கும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். ஆயினும் ஒரே பதவி ஒரே ஓய்வூதிய ஆணை, சேமப்படை ஓய்வூதியர்க்குப் பொருந்தாது என்று விலக்கியே எழுதப்பட்டது. கொடிக்கீழ் முழுக்காலம் நின்றவரோடு இவரை ஒப்பிடமுடியாது என்பது அரசின் பக்கம் சொல்லத்தக்க நியாயம். அதை நாம் முற்றும் மறுக்கவில்லை. தொகை சமமாக இருக்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் மற்றவர் ஓய்வூதியம் ஐந்தாண்டுக்கொருமுறை சீர்செய்யப்படும்போது, இவர் பங்கும் அதே வீதத்தில் சீர்செய்யப்படுவதில் என்ன குறை? விலைவாசி, காத்திருந்தவன் வீட்டு அடுப்பு என்று பார்த்தா எரிக்கிறது?

இளைஞர்களுக்கு ஒரு சொல். 2022 ஜூன் 14-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்பவர் பணி நான்காண்டு. அவருள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை நிலையான பணிக்கு எடுக்கப்படுவர் என்றும், மற்றவர் சேவா நிதி பெற்று வெளிவருவர் என்றும் அப்போது அறிவித்தனர். மாத ஊதியத்தில் 30 விழுக்காடு பிடித்து, அரசும் அதே அளவு இட்டு, வட்டியோடு ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் வரும் என்பது கணக்கு. வெளிவருவோர்க்கு ஓய்வூதியம் இல்லை. இத்திட்டத்தின் நன்மை தீமை இங்கே நம் பொருளன்று. சேரவிரும்பும் பிள்ளை சேரட்டும். நாட்டுக்கு உழைப்பது பெருமையே. ஆனால் தன் தாத்தா கையில் வாங்கிய மொத்தத் தொகை எங்கே போயிற்று என்று அறிந்துகொண்டு சேரட்டும். இளம் வயதிலேயே கைக்கு வரும் பணத்தில் ஒரு பங்கையேனும் முதுமைக்கென ஒதுக்கும் உறுதியோடு சேரட்டும்.

இனிச் செய்யவேண்டுவது யாது? இன்றிரவு வீடு சென்றதும் தகரப் பெட்டியைத் திறவுங்கள். விடுவிப்புப் புத்தகம் இருக்கிறதா? அதில் கொடிப்பணி எத்தனை ஆண்டு, சேமப்பணி எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கிறதா? இரண்டையும் கூட்டுங்கள். பதினைந்து வருகிறதா? வந்தும் ஓய்வூதியம் இல்லையெனில், மொத்தத் தொகை பெற்றதாக வரி ஏதேனும் உண்டா என்று பாருங்கள். இல்லையேல் உடனே எழுதுங்கள். மதராஸ் ரெஜிமென்ட் வீரராயின் வெலிங்டன் பதிவு அலுவலகத்துக்கு. மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படையினராயின் பெங்களூருக்கு. மாலுமியாயின் இதோ நம் மான்குர்த்துக்கு. எழுதத் தயங்குவோர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடலாம்.

ஓய்வூதியம் பெறுவோர் மற்றொன்றைச் சரிபாருங்கள். மனைவியின் பெயரும் பிறந்த நாளும் பதிவேட்டிலும் ஆதாரிலும் ஒன்றாக உள்ளனவா? ஊரில் வைத்த பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, மராத்தி எழுத்தரின் காதில் விழுந்தது வேறொன்று என்று நம் பெண்கள் மூன்று பெயரோடு வாழ்கிறார்கள். கணவர் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தால் தீரும் பிழை, அவர் மறைந்தபின் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கும். இப்போது படைவீரர் ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்னும் கணினி முறையில் நடைபெறுகிறது. ஆண்டுதோறும் தரவேண்டிய வாழ்வுச் சான்று தவறினால் பணம் நின்றுவிடும். படித்த பேரன் பேத்திகள் தங்கள் கைப்பேசியில் அரைமணி நேரத்தைத் தாத்தா பாட்டிக்காகச் செலவிட்டால் போதும்.

சேமப்படை முறையில் இருந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்களுக்காக எழுதவேண்டிய கடிதத்தை அடுத்த ஆண்டு விழாவுக்குப் பின் எழுதலாம் என்று ஒத்திவைக்க இயலாது. ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, மாதுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ, எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் ஒரு மேசையிட்டு அமரட்டும். பெட்டியோடு வருபவர்க்குப் படித்துச் சொல்லட்டும். படிவம் எழுதித் தரட்டும். விடை இல்லை என்று வந்தாலும், ஏன் இல்லை என்பதைப் பொறுமையாக விளக்கட்டும்.

அந்த இட்லிப் பாட்டியார் இன்று நம்மிடையே இல்லை. நாம் விடையைப் படித்துக் காட்டிய அன்று அவர் அழவில்லை. விடுவிப்புப் புத்தகத்தை வாங்கி, அதே பழஞ்சேலையில் சுற்றி, "இது பேரனுக்கு இருக்கட்டும் ஐயா, அவர் போனதற்கு அடையாளம் இதுதானே" என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்தார். அவருக்கு உதவ நம்மால் இயலவில்லை. அவரைப் போன்ற மற்றொருவருக்கு இந்த ஆண்டு இயலுமாயின், இச்சங்கத்தின் ஆண்டு விழா பயனுடையதாயிற்று என்று மகிழ்வோம்.